சோமங்கலத்துச் சந்திரனும் ஆலைச் சாலையின் திதிகளும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று மேற்கே நீண்டு, தெற்கில் வல்லம் வடகால், ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் நிலப்பரப்பை இன்று உலக வரைபடத்திலேயே காட்டுகிறார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட பெருவிடுதி திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கு மேற்பட்டோர் ஒரே வளாகத்தில் உறங்கி எழுகிறார்கள்.

இந்த நிலத்தில் இன்று நேரத்தைச் சொல்வது ஆலைச் சங்கு. ஷிஃப்ட் மாறும் வேளையில் சாலை முழுவதும் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. பகலென்றும் இரவென்றும் பேதமில்லை. ஆனால் இதே நிலத்தில், ஆலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வேறொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சந்திரன் என்னும் கடிகாரம். ஸ்ரீபெரும்புதூரில் திருவாதிரை, வல்லக்கோட்டையில் சஷ்டியும் கிருத்திகையும், சோமங்கலத்தில் சந்திரனே வந்து வழிபட்ட சந்நிதி என்று, ஒருநாள் பயணத்திற்குள் அடங்கும் இம்மூன்று தலங்களும் அந்தக் கடிகாரத்தையே பார்த்து நடக்கின்றன.

"இந்த மாதம் பௌர்ணமி இன்றைக்கா, நாளைக்கா? ஒரு காலண்டரில் இன்று என்றிருக்கிறது, இன்னொன்றில் நாளை என்றிருக்கிறது" என்ற கேள்வி எழாத இல்லம் நம் இல்லங்களில் ஏது? ஆலை வேலையில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "அமாவாசைக்கு என்றைக்கு லீவு போடட்டும்?" என்று கேட்கும்போது, வீட்டுப் பெரியவர்கள்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள் விடுப்பு. அதைத் தவறான நாளில் எடுக்கச் சொல்லிவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, இத்தலங்களை வலம் வந்தபடியே சந்திரனின் கணக்கையும் சற்று அறிந்துகொள்வோம்.

தேய்ந்தவன் வந்து நின்ற ஊர்

தாம்பரத்துக்கு மேற்கே, குன்றத்தூருக்குத் தெற்கே அமைந்த ஊர் சோமங்கலம். சோமன் என்றால் சந்திரன். அவன் மங்கலம் பெற்ற ஊர் ஆதலின் சோமமங்கலம் என்றாகி, பின்னர் சோமங்கலம் ஆயிற்று என்பது தலவரலாறு. சென்னையைச் சுற்றித் தொண்டைமண்டலத்தில் அமைந்த நவக்கிரகத் தலங்களில் இது சந்திரனுக்குரியது. சூரியனுக்குக் கொளப்பாக்கம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம் என்று அந்த வரிசை அமைகிறது.

தட்சனின் இருபத்தேழு பெண்களையும் மணந்த சந்திரன், ரோகிணியிடம் மட்டும் பேரன்பு வைத்தான். மற்ற மனைவியர் தந்தையிடம் முறையிட, "நாளுக்கொரு கலையாகத் தேய்ந்து போவாய்" என்று தட்சன் சபித்தான். தேய்ந்துகொண்டே வந்த சந்திரன் சிவபெருமானைச் சரணடைந்தான். பெருமான் சாபத்தை முற்றிலும் நீக்கவில்லை. தேய்ந்தபின் மீண்டும் வளரும்படி அருளி, எஞ்சிய பிறையைத் தம் திருமுடியில் சூடிக்கொண்டார். இவ்வரலாறு குஜராத்தின் சோமநாதத்திலும் சொல்லப்படுகிறது. காவிரிக் கரைத் திங்களூரிலும் சொல்லப்படுகிறது. தொண்டைநாட்டில் அந்த அருள் கிடைத்த இடம் இதுவே என்று இவ்வூரார் போற்றுகிறார்கள்.

இறைவன் சோமநாதீஸ்வரர், இறைவி காமாட்சி அம்மன். கருவறையின் விமானம், யானையின் பின்புறம் போல வளைந்து நிற்கும் தூங்கானை மாட அமைப்பு. கஜபிருஷ்டம் என்றும் சொல்வர். சோழர் காலத்துக் கற்றளி. பிராகாரத்தை வலம் வரும்போது பின்புறத்தில் சற்று நின்று அந்த வளைவைப் பார்க்க வேண்டும். மூலைகளே இல்லாமல் கருங்கல் வட்டமாகத் திரும்பிச் செல்லும் அழகு தொண்டைநாட்டுக் கோயில்கள் பலவற்றில் காணக் கிடைப்பது.

இத்தலத்து நந்தியும் வியப்புக்குரியவர். எங்கும் ஈசனை நோக்கியே அமர்ந்திருக்கும் நந்தி, இங்கே எதிர்த்திசையை நோக்கியிருக்கிறார். திருப்பணியில் ஈடுபட்டிருந்த சோழ மன்னன்மீது பகைவர் படையெடுத்து வர, மன்னன் ஈசனையே தஞ்சமடைந்தான். "அவர்களைத் திரும்பிப் பார்" என்று பெருமான் பணிக்க, நந்தி திரும்பி விட்ட மூச்சில் பகைவர் படை சிதறியது என்கிறது தலபுராணம். அருகிலுள்ள மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களம். படைகள் வந்துபோன பாதையில் அமைந்த ஊருக்கு இப்படியொரு காவல் நந்தி வாய்த்தது பொருத்தமே.

சந்திரனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. திங்கட்கிழமைகளில் அன்பர்கள் வெண்ணிற மலர் சாத்தி, பச்சரிசி வைத்து வழிபடுகிறார்கள். சந்திரன் மனத்துக்கும் தாய்க்கும் உரிய கிரகம் என்பதால், மனக்கலக்கம் உள்ளவர்களும், தாயின் உடல்நலம் வேண்டுபவர்களும் இங்கு வருகிறார்கள்.

ரோகிணியின் கதைக்கு வானத்திலும் ஒரு காட்சி உண்டு. நிலவின் பாதை சற்றே சாய்ந்து, ஏறத்தாழ 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று பழைய நிலைக்கு வருகிறது. அந்தச் சுழற்சியின் ஒரு பகுதியில், மாதந்தோறும் நிலவு ரோகிணி விண்மீனை மறைத்தே செல்கிறது. அண்மையில் 2015 முதல் 2018 வரை இது நிகழ்ந்தது. மற்ற ஆண்டுகளில் அருகே கடந்து செல்வதோடு சரி. சந்திரன் ரோகிணியிடம் தங்கினான் என்று முன்னோர் சொன்னது வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்ன சொல் என்றே தோன்றுகிறது.

திதி என்பது நாளன்று

இப்போது கணக்குக்கு வருவோம். சூரியனும் சந்திரனும் நம் பார்வையில் ஒரே திசையில் சேர்ந்து நிற்கும் கணமே அமாவாசையின் முடிவு. அதன்பின் சந்திரன் சூரியனை விட்டுக் கிழக்கே விலகத் தொடங்குகிறது. 12 பாகை விலகும் வரை பிரதமை. 24 பாகை வரை துவிதியை. இப்படிப் 12 பாகைக்கு ஒரு திதி. 180 பாகை விலகி நேரெதிரே வரும் கணம் பௌர்ணமியின் முடிவு. முழு வட்டம் 360 பாகை. ஆகவே 30 திதிகள். ஒரு சுற்று முடியச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் ஆகிறது.

ஆக, திதி என்பது ஒரு கோண அளவு. அதற்கு இருபத்துநான்கு மணி நேரம் என்ற கட்டாயம் இல்லை. சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெல்லவும் நகர்கிறது. விரைந்தால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடிந்துவிடும்; மெல்ல நகர்ந்தால் 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். அது தொடங்குவதும் முடிவதும் காலையாக இருக்கலாம், நடுப்பகலாக இருக்கலாம், நள்ளிரவாகவும் இருக்கலாம்.

நம் நாளோ சூரிய உதயம் தொட்டு மறு உதயம் வரை. அப்படியானால் எந்த நாளுக்கு எந்தத் திதியின் பெயர்? உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதன் பெயரைக் காலண்டரில் அச்சிடுகிறார்கள். வங்கியில் பணியாற்றியவன் என்பதால் எனக்கு இது எளிதாக விளங்கியது. கணக்கில் நாள் முழுவதும் பணம் ஏறும், இறங்கும். குறிப்பிட்ட ஒரு வேளையில் உள்ள இருப்பையே அந்த நாளின் இருப்பாக எழுதுகிறோம். அதற்காக மற்ற வேளைகளில் பணமே இல்லை என்று பொருளாகாது. காலண்டரில் "செவ்வாய் – பௌர்ணமி" என்று இருந்தால், செவ்வாய்க்கிழமை உதயத்தில் பௌர்ணமி இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

சில வேளைகளில் ஒரு திதி, ஓர் உதயத்துக்குப் பின் தொடங்கி, மறு உதயத்துக்கு முன்பே முடிந்துவிடும். அதன் பெயர் எந்த நாளுக்கும் கிடைக்காது. சில வேளைகளில் ஒரே திதி இரண்டு உதயங்களைத் தொட்டு நிற்கும். பஞ்சாங்கம் இவற்றைத் தனியே குறித்துக்காட்டும். இவை பிழையல்ல, சந்திரனின் நடை அப்படி.

இன்றைக்கா, நாளைக்கா?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு திதி திங்கட்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் அதைச் செவ்வாய்க்கிழமைக்கு அச்சிடும். ஆனால் வழிபாடு எந்த நாளில்? அந்த வழிபாட்டுக்குரிய வேளை எது என்பதைப் பொறுத்தது.

அந்தத் திதி திரயோதசி ஆனால், பிரதோஷ பூஜைக்கு உரியது சூரிய அஸ்தமன வேளை. திங்கள் அஸ்தமனத்தில்தான் திரயோதசி இருக்கிறது. செவ்வாய் மாலையில் அது முடிந்துவிட்டது. ஆகவே பிரதோஷம் திங்கட்கிழமை. சோமவாரப் பிரதோஷமாகவும் அமைந்துவிடும்.

அதே திதி பௌர்ணமி ஆனால், நிலவொளியில் செய்யும் பூஜையும் கிரிவலமும் திங்கள் இரவுக்கே உரியவை. செவ்வாய் இரவில் வானத்தில் வட்ட நிலவு தெரியும். ஆனால் திதி பிரதமை ஆகிவிட்டிருக்கும்.

அதே திதி அமாவாசை ஆனால், பித்ரு காரியத்துக்கு உரியது பிற்பகல். பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்தால் நான்காம் பகுதி அபராஹ்ணம். காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று கொண்டால், அது பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த வேளையின் பெரும்பகுதியில் அமாவாசை நிற்பது செவ்வாய்க்கிழமை. ஆகவே தர்ப்பணத்துக்குச் செவ்வாய்.

அதே திதி தேய்பிறைச் சதுர்த்தி ஆனால், சங்கடஹர சதுர்த்திக்கு நிலவு எழும் வேளையே முக்கியம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் எழும் நிலவு, அதன்பின் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், சதுர்த்தியன்று இரவு 9 மணியை ஒட்டி எழும். திங்கள் இரவில்தான் அவ்வேளையில் சதுர்த்தி இருக்கும்.

ஒரே திதி, ஒரே தொடக்கம், ஒரே முடிவு. ஆயினும் மூன்று வழிபாடுகளுக்குத் திங்கள், ஒன்றுக்குச் செவ்வாய். இதை அறிந்துகொண்டால் காலண்டர்மீது வரும் கோபம் பாதி தணிந்துவிடும். பிள்ளை தொலைபேசியில் கேட்கும்போது, "என்ன திதி" என்பதோடு நிறுத்தாமல், "எந்த வேளைக்குரிய வழிபாடு, அந்த வேளையில் திதி இருக்கிறதா" என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லலாம். அவனுடைய ஷிஃப்ட் அந்த வேளைக்கு முன்போ பின்போ அமைந்தால் விடுப்பே தேவையில்லாமலும் போகலாம். குலவழக்கம் வேறாக இருந்தால் குடும்பப் புரோகிதரைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஆங்கில முறையில் செய்தித்தாள்கள் முழுநிலவு நேரம் என்று ஒரு கணத்தைக் குறிப்பிடுவதுண்டு. அது நம் பௌர்ணமித் திதி முடியும் கணம். அதைத் தொடக்கம் என்று எண்ணிவிடுவோர் பலர். அந்தக் கணத்துக்கு முந்தைய சுமார் ஒரு நாளே நமக்குப் பௌர்ணமி.

இரு பஞ்சாங்கங்கள்

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேர வேறுபாடு வருவதேன் என்பதையும் பார்ப்போம். சந்திரன் விரைந்தும் மெல்லவும் நடக்கும் சுழற்சி ஏறக்குறைய 27 நாள், 13 மணி நேரத்தில் நிறைவடைகிறது. அப்படி ஒன்பது சுழற்சிகள் சேர்ந்தால் 248 நாள். அந்த 248 நாள்களுக்கும் சந்திரனின் நிலையை, எழுத்துக்கு எண் மதிப்புத் தரும் முறையில் 248 சிறு வாக்கியங்களாக இயற்றி மனப்பாடம் செய்தார்கள் முன்னோர். வரருசி அருளியது என்று மரபு சொல்லும் இந்தச் சந்திர வாக்கியங்களால்தான் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே வந்தது.

அதன் திறத்துக்கு ஒரு சான்று. சென்னையில் 1825-இல் ஜான் வாரன் என்ற அறிஞர் இந்தியக் கால அளவைகளைப் பற்றிக் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த அளவைகளைக் கொண்டே அவ்வாண்டு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் வேறுபாடு. சோழிகளைக் கொண்டு போட்ட கணக்கு இது!

ஆயினும் சந்திரனின் நடையில் சூரியனின் ஈர்ப்பினால் வேறு சில நுண்ணிய அசைவுகளும் உண்டு. பழைய வாக்கியங்களில் அவை முழுவதும் அடங்கவில்லை. பழைய முறையில் ஒரு திதி ஐந்து நாழிகை கூடும், ஆறு நாழிகை குறையும் என்பர். அதாவது 65 நாழிகை முதல் 54 நாழிகை வரை. திருக்கணித முறையில் ஏழு கூடும், பத்துக் குறையும்; 67 முதல் 50 வரை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் மத்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, வானில் காணும் நிலைக்குப் பொருந்தும் கணிதத்தையே பரிந்துரைத்தது. ஆனால் ஆலயங்கள் பலவும் தத்தம் மரபின்படியே நடக்கின்றன. எந்த ஆலயத்துக்குச் செல்கிறோமோ அந்த ஆலயத்தின் பஞ்சாங்கத்தையும், வீட்டில் எதைப் பின்பற்றி வந்தோமோ அதையும் மாற்றாமல் இருப்பதே நம் பெரியோர் காட்டிய வழி.

திதி ஒன்று, நட்சத்திரம் ஒன்று

ஸ்ரீபெரும்புதூருக்கும் வல்லக்கோட்டைக்கும் வருவோம். இங்கே சந்திரனின் இரண்டாவது கணக்கு நடக்கிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள விலகல். நட்சத்திரம் என்பது விண்மீன்களுக்கிடையே சந்திரன் நிற்கும் இடம். விண்மீன்களைச் சுற்றிச் சந்திரன் பழைய இடத்துக்கு வர 27 நாள், 7 மணி, 43 நிமிடமே போதும். ஆனால் அதற்குள் சூரியனும் சற்று நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப் பிடிக்க இன்னும் இரண்டு நாளுக்குமேல் ஆகிறது. அதனால்தான் மாதாமாதம் ஒரே நட்சத்திரம் வெவ்வேறு பிறையில் அமைகிறது.

ஸ்ரீபெரும்புதூர் என்னும் பூதபுரியில், பிங்கள வருடம் சித்திரைத் திருவாதிரையில், 1017-ஆம் ஆண்டு அவதரித்தார் உடையவர் ஸ்ரீராமாநுஜர். ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் 'தானுகந்த திருமேனி'யாக எழுந்தருளியிருக்கும் அவருக்குச் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி உற்சவம் நடைபெறுகிறது. சித்திரையில் சூரியன் மேஷ ராசியில் இருக்கும். திருவாதிரை மிதுன ராசியில் இருப்பது. இரண்டுக்குமுள்ள விலகலைக் கணக்கிட்டால், சித்திரைத் திருவாதிரை எந்த ஆண்டிலும் வளர்பிறைச் சதுர்த்திக்கும் சப்தமிக்கும் இடையிலேயே அமையும். அந்நாளில் மாலையில் ஆலயத்தை விட்டு வெளியே வந்து மேற்கே பார்த்தால், வளரும் பிறை காட்சி தரும். அதே திருவாதிரை, சூரியன் தனுசில் நிற்கும் மார்கழியில் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அதுவே நடராஜப் பெருமானின் ஆருத்ரா தரிசனம்.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே உள்ள வல்லக்கோட்டையில் ஏழு அடி உயரத் திருமேனியுடன், வள்ளி தெய்வானை சமேதராய்க் காட்சி தருகிறார் சுப்பிரமணியர். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். இந்திரன் தன் வஜ்ராயுதத்தால் உண்டாக்கியது என்று சொல்லப்படும் வஜ்ர தீர்த்தம் இங்கு உண்டு. முருகனுக்கு உகந்த சஷ்டி, திதிக் கணக்கு. கிருத்திகை, நட்சத்திரக் கணக்கு. இரண்டும் மாறி மாறி வருவதால் இங்கே மாதம் முழுவதும் கூட்டம்.

கார்த்திகை மாதத்துக் கிருத்திகை பௌர்ணமியை ஒட்டி வருவதால், அன்று மாலையில் விளக்கேற்றும்போது முழுநிலவு கிழக்கே எழுகிறது. ஆடிக் கிருத்திகையோ அப்படியன்று. ஆடியில் சூரியன் கடகத்தில் இருப்பதால், அது எப்போதும் தேய்பிறை அஷ்டமிக்கும் ஏகாதசிக்கும் இடையிலேயே வரும். மாலையில் வானத்தைத் துழாவினாலும் நிலவு கிடைக்காது. நள்ளிரவுக்குப் பின்னரே எழும்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று அதிகாலையில் வல்லக்கோட்டையில் தரிசனத்துக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னே, ஆலைச் சீருடையிலேயே ஒரு பெண் நின்றிருந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கிறாள். கையில் ஒரு முழம் பூ. ஊர் விழுப்புரம் பக்கம் என்றாள். "இங்கே வந்ததிலிருந்து விரதமெல்லாம் சரியா இருக்க முடியலை தாத்தா. அம்மா வருத்தப்படறாங்க" என்றாள். "இன்னைக்கு நிலா இருந்துச்சா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "இருந்துச்சே! பாதி நிலா. பஸ் ஜன்னல்ல கூடவே வந்துச்சு. பக்கத்துல சின்னச் சின்னதா கொத்து மாதிரி நட்சத்திரம் இருந்துச்சு" என்றாள். அந்தக் கொத்து கார்த்திகை மீன்கள். கிருத்திகை விரதம் எந்தக் காட்சியை வைத்து அமைந்ததோ, அந்தக் காட்சியைக் கண்ணால் கண்டுவிட்டே அவள் வந்திருந்தாள். வரிசையில் நின்ற எங்களில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை; நாங்கள் உறங்கி எழுந்து வந்தவர்கள். இதை அவளிடம் சொல்லி, "அம்மாகிட்ட இதைச் சொல்லும்மா" என்றேன். "சொல்றேன் தாத்தா" என்று சிரித்துவிட்டுத் திரைக்கு முன்னே கை கூப்பினாள்.

தேய்பிறையைக் காண்பவர்கள்

வளர்பிறை மாலையில் தெரிவது. மூன்றாம் பிறை மேற்கில், அஷ்டமிப் பிறை அந்தியில் உச்சிவானில், முழுநிலவு கிழக்கில் என்று, வீட்டு வாசலில் அமர்ந்தபடியே நாம் அதைக் கண்டு வருகிறோம். தேய்பிறை நாளுக்கு நாள் இரவில் பிந்தி எழுந்து, விடியலில் வானில் நிற்கும். அஷ்டமியன்று விடியலில் தலைக்கு மேலே. திரயோதசியன்று கிழக்கு அடிவானத்தில் மெல்லிய கீற்றாக. அதை நாள்தோறும் காண்பவர்கள் யார்? முன்பு ஏற்றம் இறைத்தவர்களும், வண்டி ஓட்டியவர்களும். இன்று இரவுப் பணி முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகள்.

தேய்பிறை என்றால் சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் சிவராத்திரி தேய்பிறைச் சதுர்தசி. கோகுலாஷ்டமி தேய்பிறை அஷ்டமி. சங்கடஹர சதுர்த்தியும் தேய்பிறையே. சோமங்கலத்துக்குச் சந்திரன் வந்ததும் தேய்ந்துகொண்டிருந்த நாளில்தான். ஈசன் முடியில் ஏற்றுக்கொண்டது ஒளி குறைந்து நின்ற பிறையை.

வெளியூரில் தங்கி, உறக்கம் குலைந்து, பண்டிகை நாளிலும் எந்திரத்தின் முன்னே நிற்கும் பிள்ளைகளைப் பற்றி நமக்கு ஒரு குறை இருக்கிறது. "விரதமும் இல்லை, கோயிலும் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குக் கிடைக்கும் வேளையில் எந்த வழிபாடு அமையும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. இரவுப் பணிக்காரருக்கு விடியற்கால தரிசனம் பொருந்தும். காலைப் பணி முடிந்தவருக்குப் பிரதோஷ வேளை பொருந்தும். மாலைப் பணிக்குச் செல்பவர் முற்பகலில் சந்நிதிக்குச் சென்று வரலாம். முப்பது திதிகளும் இருபத்தேழு நட்சத்திரங்களும் மாறி மாறி வரும்போது, மாதத்தில் ஒரு நாளாவது அவர்களுடைய வேளையோடு கூடிவராமல் போகாது. திட்டுவதைவிட, "வருகிற பிரதோஷம் உனக்கு ஷிஃப்ட் முடிந்தபின்தான் வருகிறது, போய் வா" என்று ஒரு சொல் சொன்னால் அவர்கள் போவார்கள்.

தரிசிக்கச் செல்வோர்க்கு

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் உடையவரையும் தரிசித்துவிட்டு, சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் தெற்கே வந்தால் வல்லக்கோட்டை. அங்கிருந்து ஒரகடம் வந்து, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கிழக்கே திரும்பினால் படப்பை. படப்பையிலிருந்து வடக்கே மணிமங்கலம் வழியாகச் சோமங்கலம் சேரலாம். தாம்பரத்திலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் சோமங்கலத்துக்குச் சாலை உண்டு. ஷிஃப்ட் மாறும் வேளைகளில் ஒரகடம் சாலையில் நெரிசல் மிகுதி; வயதானவர்கள் அவ்வேளைகளைத் தவிர்ப்பது நல்லது. நடை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இயன்றால் ஒரு திங்கட்கிழமை மாலையில், வளர்பிறையில் சோமங்கலம் செல்லுங்கள். அந்தப் பக்கம் பணியில் இருக்கும் மகனோ, மகளோ, பேரனோ, பேத்தியோ இருந்தால், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளைக் கேட்டு, அந்த நாளையே தேர்ந்தெடுத்து அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று தேய்பிறையாக இருந்தாலும் தயங்க வேண்டாம். தேய்ந்து வந்தவனுக்கு அருளிய சோமநாதீஸ்வரரும் காமாட்சி அம்மனும் எல்லோருக்கும் மனநலமும் உடல்நலமும் அருள்வார்களாக!